சித்தப்பாவை சினிமாவுக்கு அனுப்பிய கதை

போன மாதம் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். "அவங்க வர்ற நேரத்துல உங்க சித்தப்பா வீட்ல இருக்க வேண்டாமே" என்று அத்தை சொல்ல, சித்தப்பா கையில் இருநூறு ரூபாயைக் கொடுத்து மேட்னி ஷோவுக்கு அனுப்பினோம். நானும் உடந்தைதான். பஸ் ஏற்றிவிட்டு வந்ததே நான்தான்.

மனிதர் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டார். தியேட்டரில் சத்தம் ஜாஸ்தியாம். பஜ்ஜித் தட்டு அப்போதுதான் ஹாலுக்குப் போயிருந்தது. எல்லோரையும் பார்த்து "வாங்க" என்று கும்பிட்டார். நேராக அடுக்களைக்குப் போய், காலை, இரவு என்று கட்டம் பிரித்த மாத்திரை டப்பாவில் மறுநாளைக்கான மாத்திரைகளை எண்ணிப் போட உட்கார்ந்துவிட்டார். முப்பத்தைந்து வருடமாக அவருக்கு மனச்சிதைவு. டாக்டர் சொல்லும் பெயர் ஸ்கிசோஃப்ரினியா.

இரண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். "ரத்தத்துல இருக்குன்னு யோசிக்கிறாங்க."

ரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. இருக்கிறது. ஆனால் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டாமா? பொதுவாக வாழ்நாளில் 100 பேரில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம். சித்தப்பாவுக்கு இருந்தால் மூன்று, நான்கு. என் தங்கைக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவான மரபணு எட்டில் ஒரு பங்குதான். ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்த இரட்டையரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நோய் வந்தால், அதே மரபணுக்கள் உள்ள மற்றவருக்குப் பாதிக்குப் பாதி வருவதில்லை. பிறகு என்ன "ரத்தம்"? 2022இல் 76,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை அலசிய ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய 287 இடங்களை மரபணுத் தொகுப்பில் காட்டியது. பெரும்பாலும் ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் வேலை செய்கிறது. அந்தத் துளிகள் மாப்பிள்ளை வீட்டிலும் இருக்கும், தரகர் வீட்டிலும் இருக்கும்.

இதற்கு நேர் எதிர்க் கூத்தும் எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. சித்தப்பாவுக்கு முதன்முதலில், யாரும் பேசாமலே குரல்கள் கேட்க ஆரம்பித்தபோது ஊரே பாட்டியைத்தான் பிடித்துக்கொண்டது. கடைக்குட்டி என்று செல்லம் கொடுத்துக் கெடுத்தாளாம். பாட்டி சாகும்வரை அதை நம்பினாள்.

நம் ஊர் மட்டும் என்று நினைக்காதீர்கள். 1948இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை எழுதிவைத்தார். அதை வைத்து எத்தனை அம்மாக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்களோ. 1966இல் ஹெஸ்டன் என்ற ஆய்வாளர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வேலை செய்தார். மனச்சிதைவு உள்ள தாய்மாருக்குப் பிறந்து, மூன்று நாளுக்குள் பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பார்த்தார். ஐந்து பேருக்கு நோய் இருந்தது. அதேபோலப் பிரிந்து வளர்ந்த, ஆனால் அம்மாவுக்கு நோய் இல்லாத 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்த ஐந்து பேரையும் நோயாளித் தாய் வளர்க்கவே இல்லையே! இதை என் பாட்டியிடம் சொல்ல ஆள் இல்லாமல் போனது.

சரி, மரபணு மட்டுமே காரணம் இல்லை என்றால் மீதி? வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவு வரத்தை முடக்க, மேற்கு நெதர்லாந்து பட்டினி கிடந்தது. அந்தப் பட்டினியின் உச்சத்தில் கருவானவர்களுக்குப் பின்னாளில் இந்த நோய் சுமார் இரண்டு மடங்கு வந்தது. பிரசவச் சிக்கல், சிறுவயதுக் கொடுமை, புலம்பெயர்வு எல்லாம் பட்டியலில் உண்டு. அப்புறம் கஞ்சா. சுவீடனில் 45,000க்கும் அதிகமான ராணுவப் பயிற்சி இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1987இல் வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் இழுத்தவர்களுக்கு நோய் ஆறு மடங்கு. வேறு காரணங்களைக் கழித்துப் பார்த்தால் அது வெகுவாகக் குறைகிறது, ஆனால் மறையவில்லை.

கவனியுங்கள், வந்தவர்கள் எங்கள் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று மூன்று தலைமுறைக்கு விசாரித்தார்கள். பையன் கஞ்சா இழுப்பானா என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாம்.

பெண் பார்க்க வந்த அன்று ராத்திரி சித்தப்பா என்னிடம் வந்து, "டிக்கெட், பஸ் போக மிச்சம் நாற்பது ரூபாய், டிவி மேல வச்சிருக்கேன். இனிமே என்னை அனுப்பணும்னா கோயிலுக்கு அனுப்பு, அங்க சத்தம் இருக்காது" என்றார். எதற்கு அனுப்பினோம் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

வர்ற ஞாயிற்றுக்கிழமை வேறொரு இடத்திலிருந்து வருகிறார்கள். சித்தப்பா வீட்டில்தான் இருப்பார் என்று தரகரிடம் நானே சொல்லிவிட்டேன், அத்தை என்னோடு பேசுவதில்லை. பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்குவது சித்தப்பா பொறுப்பு.