கணாதரை டால்ட்டனோடு மல்லுக்கு நிறுத்தாதீர்கள்

நவீன அணுக்கொள்கையைத் தந்த ஆங்கிலேய வேதியியலாளர் டால்ட்டனுக்கு முன்பே அணுவைக் கண்டுபிடித்தவர், வைசேடிகம் என்ற பழைய இந்தியத் தத்துவப் பள்ளியைத் தொடங்கிய கணாதர் என்று வாட்ஸப் பார்வர்டுகள் ஓயாமல் சுற்றுகின்றன. வைசேடிகத்தைக் கொஞ்சம் புரட்டியவர்களுக்கு இதில் பெருமை வராது, எரிச்சல்தான் வரும்.

டால்ட்டனின் அணுவுக்கு எடைதான் அடையாளம். வைசேடிகத்திலோ குருத்துவம், அதாவது எடை, நிலத்துக்கும் நீருக்கும் மட்டும்தான். தீயணுவுக்கும் காற்றணுவுக்கும் எடையே கிடையாது. அப்புறம் எங்கே ஒப்பிடுவது?

வைசேடிகர்கள் போன வழியே வேறு. பொருளைப் பிளந்துகொண்டே போனால் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் மேருமலைக்கும் கடுகுக்கும் முடிவில்லாத துண்டுகள். இரண்டும் ஒரே அளவு என்றாகிவிடும். ஆகவே, பிளக்க முடியாத பரமாணு. இந்த வாதமும் இனி வரும் கணக்கும் உரைகாரர்கள் வகுத்தவை, கணாதரின் மூலநூலான சூத்திரத்தில் தேடாதீர்கள்: இரண்டு பரமாணு சேர்ந்தால் துவியணுகம், மூன்று துவியணுகம் சேர்ந்தால் திரியணுகம். ஜன்னல் வெயில்கீற்றில் மிதக்கிறதே தூசு, அதுதான் திரியணுகம். ஆக, ஒரு தூசுக்கு ஆறு பரமாணு.

இந்த ஆறைக் கேட்டு இன்று சிரிக்கலாம். ஆனால் ஏன் மூன்று துவியணுகம் என்பதில்தான் சரக்கு இருக்கிறது. பெரியதோடு பெரியது சேர்ந்தால் இன்னும் பெரியது. அதே விதிப்படி நுண்ணியதோடு நுண்ணியது சேர்ந்தால் இன்னும் நுண்ணியதாகத்தானே போகும்? அதனால், பருமனைத் தருவது பரமாணுவின் அளவல்ல, எண்ணிக்கைதான் என்றார்கள். இரண்டு போதாது, பன்மை வேண்டும். (சம்ஸ்கிருதத்தில் இரண்டுக்கு இருமை தனியாக உண்டு, பன்மை மூன்றில்தான் தொடங்கும்.)

இப்படிச் சேர்ந்தவை ஒட்டியிருப்பதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள். உறுப்பிலிருந்து பிரிக்க முடியாதபடி முழுப்பொருள் ஒட்டியிருப்பது, நூலில் துணி இருப்பதுபோல, சமவாயம். மணிமேகலையின் 27ஆம் காதையில் வைசேடிகவாதி பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம் என்று உள்ளவற்றையெல்லாம் ஆறு வகையாகச் சொல்கிறான். அந்தக் கூட்டம்தான் சமவாயம். அழகான சொல், நாம்தான் கைவிட்டுவிட்டோம்.

வைசேடிகம் இடறுவது சூளையில். பச்சைப்பானை வெந்து சிவப்பது எப்படி? சூடு பட்டதும் பானை பரமாணுவரை சிதறி, ஒவ்வொன்றும் சிவந்து, மறுபடி கூடிப் பானையாகிறது என்பது வைசேடிகம். தர்க்கத்துக்குப் பேர்போன இன்னொரு தத்துவப் பள்ளியான நியாயத்தைச் சேர்ந்த நியாயத்தார் விடவில்லை: அப்படியானால் பானைமேல் கீறிய கோடு அப்படியே இருப்பதெப்படி? மேலே அடுக்கியது ஏன் சரியவில்லை? பானையில் நுண்துளைகள் உண்டு, தீ அவற்றின் வழியே உள்ளே போகிறது, பானை முழுசாகவே நிறம் மாறுகிறது என்றார்கள். இந்த வழக்கில் என் ஓட்டு நியாயத்தாருக்கே.