குரூப் எடுக்கும் முன் பாடநூலைத் திறந்து வையுங்கள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால், ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரை எங்கள் பகுதி வீடுகளில் "எந்த குரூப் வாங்கறது?" என்பதே, அதாவது பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்பதே பேச்சாகிவிடுகிறது. மாமா, சித்தப்பா, பக்கத்துத் தோட்டத்துக்காரர் என எல்லோரும் மதிப்பெண்ணைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடநூலைப் பிள்ளையிடம் கொடுத்து, "ஒரு பாடத்தைப் படிச்சுட்டு உன் சொல்லுல சொல்லு, கண்ணு" என்று கேட்பவர் மிகக் குறைவு. முதலில் நடக்க வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அப்படிச் சொல்லத் தெரிவதற்கான பயிற்சி இலக்கிய வகுப்பில்தான் கிடைக்க வேண்டும். ஆனால் கைடில் உள்ள விடையை மனப்பாடம் செய்தே தமிழில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிவிடும் பிள்ளைகள், முன்பின் பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்தால் திகைத்து நிற்பதை மாலை வகுப்பில் தொடர்ந்து காண்கிறேன். அந்தத் திகைப்பு பிறகு உயிரியலிலும் கணக்குப்பதிவியலிலும் அவர்களைத் தொடர்கிறது.

சென்னிமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பதிற்றுப்பத்தின் "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்ற அடியைச் சொல்லிப் பாருங்கள். நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலே அந்தக் கொடுமணம் என்றும், அங்கே அகழாய்வில் கல்மணி செய்த பட்டறைகளும் தமிழி என்னும் பண்டைத் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன என்றும் சொன்னதும், 'வினைமாண்' என்றால் என்ன என்று அவர்களே கேட்பார்கள். பொருளை உடனே சொல்லிவிடக் கூடாது. முதலில் அடியில் அது வரும் இடத்தை வைத்து ஊகிக்கட்டும், பிறகு அகராதியைப் புரட்டட்டும், அதன்பின் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இப்படித் தேடிக் கண்ட சொல், பட்டியலாக உருப்போட்ட சொல்லைவிட நெடுநாள் நிற்கிறது. தமிழ்வழியில் படிப்பவர்கள் முடுக்கம், ஆக்சிலரேஷன் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தால் கல்லூரியின் முதல் பருவத்தில் தடுமாற மாட்டார்கள்.

இனி, குரூப் பற்றி. பொறியியல் கலந்தாய்வின் தரவரிசைக்கான 200 மதிப்பெண் கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50 வீதம். கணிதத்தோடு உயிரியலும் உள்ள பிரிவில் பொறியியல், மருத்துவம் என இரண்டு வழியும் திறந்திருக்கும். ஆனால் இரண்டிலும் மனம் ஒட்டாத பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர உயிரியல் வேண்டும் என்பது, பட்டியில் மாடுகளோடு வளரும் பிள்ளைக்கும் பெரும்பாலும் யாரும் சொல்லாத செய்தி. பட்டயக் கணக்கராகவோ வழக்கறிஞராகவோ ஆக எந்தப் பிரிவும் தடையில்லை. வணிகவியலைக் குறைந்த மதிப்பெண்காரர்களின் பிரிவு என்று பேசுவதை, பனியன் ஏற்றுமதிக் கணக்கு நாளெல்லாம் ஓடும் திருப்பூரிலேயே கேட்க நேர்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தலைமையாசிரியர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. சேர்க்கை நடக்கும் வாரத்தில் எல்லாப் பிரிவுகளின் பதினொன்றாம் வகுப்பு நூல்களையும் ஒரு மேசையில் பரப்பி வையுங்கள். விண்ணப்பத்தை நிரப்பும் முன் பிள்ளைகள் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்கட்டும். அதுவரை பெற்றோர் வெளியே காத்திருக்கட்டும்.