அந்துருண்டை போட்டால் படகுக்குள் எலி வராதா?

மேலே ஒருவர், "குளிர்காலத்துக்குப் படகை மூடும்போது ஒரு பாக்கெட் அந்துருண்டையும் நாலு ட்ரையர் ஷீட்டும் (துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடும் வாசனைத் தாள்) உள்ளே போட்டால் போதும், எலி எட்டிக்கூடப் பார்க்காது" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். கனடாவின் ஒன்டாரியோவில் அக்டோபரில் ஷ்ரிங்க் ராப் (சூட்டில் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறை) சுற்றி நிறுத்திய என் படகில் நானும் இதையேதான் செய்தேன். ஏப்ரலில் திறந்தால், எலி இருக்கைப் பஞ்சோடு அந்த ட்ரையர் ஷீட்டையும் கிழித்து மெத்தை போட்டு, அதில் குட்டியும் போட்டு வைத்திருந்தது. அந்துருண்டை வாடை மட்டும் ஆகஸ்ட் வரை போகவில்லை. அந்த ஆவி மூச்சுக்கும் நல்லதல்ல. காற்றுப் புகாத பெட்டியில் துணியோடு வைக்கத்தான் அது.

ஓட்டையை அடைப்பதுதான் வழி. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும். எஞ்சின் புகைக்குழாய், கேபிள் போகும் துளை, தண்ணீர் வடியும் துளை எல்லாவற்றிலும் செப்புக் கம்பி வலையைத் திணியுங்கள். வலை என்பதால் தண்ணீர் தேங்காது. சாதாரண ஸ்டீல் உல் (இரும்பு நார்) வேண்டாம், துருப்பிடித்து படகின் வெள்ளை ஃபைபர் உடம்பில் கறை இறங்கிவிடும். புகைக்குழாயில் அடைத்ததை எடுக்காமல் எஞ்சினைக் கிளப்பிவிடக் கூடாதே என்று சாவியில் ஒரு சிவப்பு நாடா கட்டி வைக்கிறேன் (அனுபவம்!).

விஷமும் வேண்டாம், தரைப்பலகைக்கு அடியில் செத்துக் கிடந்தால் யார் எடுப்பது? வேர்க்கடலை வெண்ணெய் தடவிய பொறி போதும். அப்புறம், எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள், அந்தத் தூசி மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும் ஹான்டா வைரஸ் அபாயம் உண்டு. ப்ளீச் கலந்த தண்ணீர் தெளித்து 5 நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள்.