சுவிஸ்எயார் பெயர் மாற்றித்தான் திரும்பி வந்ததா?

"வங்குரோத்தான சுவிஸ்எயார் கடனைத் துடைத்துவிட்டு 'சுவிஸ்' என்ற பெயரில் பறக்கிறது, நம்ம ஸ்ரீலங்கனுக்கும் அதுதான் வழி" என்றொரு குரல்பதிவு மட்டக்களப்பு வட்சப் குழுக்களில் சுற்றுகிறது. சுவிஸில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இதை எளிதில் நம்பிவிடும். ஆனால் தவறு.

2001 ஒக்டோபர் 2இல் எரிபொருளுக்கும் காசில்லாமல் சுவிஸ்எயார் தரையில் நின்றது. 2002 மார்ச் 31இல் 'சுவிஸ்' ஆனது அதுவல்ல, பாசலைத் தளமாகக் கொண்ட குறோஸ்எயார் என்ற பிராந்திய நிறுவனம். சுவிஸ் விமான டிக்கட்டைப் பாருங்கள்: அதிலுள்ள 'எல்எக்ஸ்' குறியீடு குறோஸ்எயாருடையது, சுவிஸ்எயாருடையது 'எஸ்ஆர்'.

கடனும் மாயமாகவில்லை. கடன் கொடுத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். புதிய நிறுவனத்துக்கும் சுவிஸ் அரசு பணம் போட்டது; அப்படியும் 2005இல் அது ஜேர்மனியின் லுப்தான்சாவிடம் போனது.