ஐந்து நாளில் அதைப் படித்தது யார்?

என் கமெண்டின் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காத பெங்களூரு தமிழர்கள் இனி யாரும் இருக்க மாட்டீர்கள். நம்ம பெண் ஒருத்தியின் ஆய்வுக் கட்டுரை, அதாவது பேப்பர், காசு வாங்கும் ஒரு ஜர்னலில் (ஆய்விதழில்) வெளியானதற்கு ஒரு வாழ்த்துப் பதிவு. அதற்குக் கீழே நான் கேட்டது ஒரே கேள்வி. திங்கட்கிழமை அனுப்பிய பேப்பர் சனிக்கிழமை வெளியாகிவிட்டதே, நடுவில் அதைப் படித்தது யார்? அதற்குப் போய் "வயித்தெரிச்சல்", "பெரிய இன்ஸ்டிட்யூட் திமிரு", "நம்ம தமிழ்ப் பொண்ணு முன்னுக்கு வந்தா பொறுக்காதா மேடம்?" சரி, பொறுக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். படித்தது யார்?

உருப்படியான ஜர்னலில் ஐந்து நாளில் பேப்பர் பெரும்பாலும் எடிட்டர் கைக்கே போயிருக்காது. ஃபார்மேட், காப்பி சதவீதம், எத்திக்ஸ் அனுமதி என்று அலுவலகச் சோதனையில்தான் கிடக்கும். அதைத் தாண்டினாலும் எடிட்டர் அங்கேயே திருப்பி அனுப்பலாம். அனுப்பாவிட்டால் ரிவியூவர், அதாவது பேப்பரைப் படித்துக் குறை சொல்லும் அதே துறை நிபுணர், தேடும் படலம். இரண்டு பேர் சம்மதிக்க ஏழெட்டுப் பேரைக் கெஞ்ச வேண்டியிருக்கும். சம்பளமில்லாத வேலை, ஓடத்தானே செய்வார்கள். சம்மதித்தவருக்கு இரண்டு மூன்று வாரக் கெடு. அப்புறம் மேஜர் ரிவிஷன், அதாவது பெரிய திருத்தம். ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எடுத்துப் போட்டு, கீழே பதில், எந்தப் பக்கத்தில் எந்த வரியைத் திருத்தினோம் என்ற விவரத்தோடு திரும்ப அனுப்பணும். மறுபடி அதே ரிவியூவர்கள். ஆறு மாதத்தில் முடிந்தால் அது வேகம்.

நான் அந்தப் பேப்பரை முழுசாகப் படித்துவிட்டுத்தான் கேட்டேன். ஏரித் தண்ணீரில் உலோகங்கள். இரண்டாவது அட்டவணையில் ஈயம் 0.00. ஈயமே இல்லையா, அல்லது கருவியால் காண முடியாத அளவா? அந்தக் கருவி காணக்கூடிய குறைந்தபட்ச அளவு என்ன? மாதிரி எடுத்ததும் நைட்ரிக் அமிலம் விட்டு பிஹெச் 2-க்குக் கீழே கொண்டுவந்தார்களா? விடாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், எண் குறைத்துத்தான் காட்டும். ஒரு வரி இல்லை. எந்த ரிவியூவரும் முதல் பத்து நிமிஷத்தில் கேட்கிற கேள்விகள் இவை. ஒருத்தரும் கேட்கவில்லை என்றால், ஒருத்தரும் படிக்கவில்லை. கலர் பார்டர் போட்ட இ-சர்டிஃபிகேட் மட்டும் ஆளுக்கொன்று வந்திருக்கிறது.

"யூஜிசி அப்ரூவ்டுன்னு சைட்லயே போட்டிருக்கே." 2018-ல் யூஜிசியே (பல்கலைக்கழக மானியக் குழு) தான் ஏற்ற இதழ்களின் பழைய பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கியது. பிறகு வந்த அதன் புதிய பட்டியலான கேர் லிஸ்டையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இப்போது எந்தப் பட்டியலைச் சொல்கிறார்கள்? ஐஎஸ்எஸ்என் என்பது எட்டு இலக்கப் பதிவு எண், தரச் சான்று இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் கொடுக்கும் அடையாளக் குறியீடான டிஓஐயும் தரச் சான்று இல்லை. ஸ்கோப்பஸ் என்ற சர்வதேச ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று பார்க்கக் காசு வேண்டாம், அதன் சோர்ஸஸ் பக்கத்தில் ஐஎஸ்எஸ்என்னைப் போட்டாலே போதும். அந்த ஜர்னலை ஸ்கோப்பஸில் சேர்ப்பது நிறுத்தப்பட்டதா என்பதையும் அங்கேயே பாருங்கள். நல்ல ஜர்னலின் பெயரிலேயே போலி சைட் நடத்துகிறவர்களும் உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து சைட்டுக்குப் போங்கள், வாட்ஸ்அப்பில் வந்த லிங்கில் போகாதீர்கள்.

"நேச்சர் காசு வாங்கலையா?" உலகப் புகழ்பெற்ற அந்த அறிவியல் இதழும் வாங்குகிறது. 2020-ல் ஓப்பன் ஆக்சஸுக்கு, அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட, 9,500 யூரோ என்று அறிவித்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் அங்கே காசோடு போனாலும் பேப்பர் திரும்பி வரும். படிப்பவரிடம் சந்தா வாங்கும் ஜர்னல்கள் பெரும்பாலும் எழுதியவரிடம் எதுவும் கேட்பதில்லை. நம்ம சதாசிவநகர் இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸின் பிரமாணா, சாதனா ஆய்விதழ்கள் எல்லாம் கண்ணில் படவே இல்லையா?

இன்னொருவர், "சர் சி.வி. ராமன் 1928-ல நேச்சருக்கு அனுப்பினப்போ பியர் ரிவியூ இருந்ததா?" நேச்சரில் பியர் ரிவியூவை, அதாவது ரிவியூவர்கள் படித்துச் சொல்லும் அந்த முறையை, கட்டாயமாக்கியதே 1973-ல்தான், ஒத்துக்கொள்கிறேன். எடிட்டராவது படித்தார். தவிர, நீங்கள் ராமன் இல்லை சார்.

புரொமோஷன் அழுத்தம் என்கிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறது, மேனேஜ்மென்ட் எண்ணிக்கை கேட்கிறது, தெரியும். ஆனால் அந்தப் பெண் பிஎச்டி மாணவி. 2022 யூஜிசி விதிகளில் தீசிஸ் கொடுக்கப் பேப்பர் கட்டாயமே இல்லை. பல்கலைக்கழகம் தனியாகக் கேட்டாலும் ஐந்து நாளில் கேட்காது. இப்போது என்ன ஆச்சு? வெளியான டேட்டாவை வேறு ஜர்னலுக்கு அனுப்பினால் டூப்ளிகேட் பப்ளிகேஷன், ஒரே ஆய்வை இரண்டு முறை வெளியிட்ட தப்பு. வாபஸ் வாங்கப் போனால் அதற்கும் தனிக் கட்டணம் கேட்பார்கள், கட்டினாலும் சைட்டிலிருந்து எடுப்பார்கள் என்று நிச்சயமில்லை. மழையிலும் வெயிலிலும் ஏரிக்கரையில் பாட்டிலோடு நின்றது அவள். அந்த உழைப்பைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு மேலே பூங்கொத்து எமோஜி போடுகிறீர்கள், கேள்வி கேட்ட நான் பொறாமைக்காரி!

என்னைத் திட்டியவர்களில் அதிகம் குதித்தவர் அவளுடைய கைடு. பேப்பரில் முதல் பெயர் அவருடையது. வாழ்த்துப் பதிவின் கீழேயே இருக்கிற, ஜர்னலுக்குக் காசு கட்டிய ஜிபே ரசீதில் பெயர் அவளுடையது.