அதே ரயில், அதே ஆட்கள்

ரயிலைத் தனியாரிடம் கொடுத்துவிடலாம் என்று வாதாடிய அந்தப் பதிவையும் அதற்குக் கீழே ஓடிய சண்டையையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. எழுதியவர் என் நண்பர், பல வருஷப் பழக்கம். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. ரயிலைத் தனியாரிடம் கொடுத்தால் எப்படி ஓடும் என்பதற்கு பிரிட்டனைப் பாருங்கள் என்கிறார். சரி, பார்ப்போம். 2006இலிருந்து நான் போய்வரும் பாதையையே பார்ப்போம்.

லண்டன் கிங்ஸ் க்ராஸிலிருந்து எடின்பரோ வரை 393 மைல். நடுவில் யார்க், டார்லிங்டன், எங்கள் டர்ஹாம், நியூகாசில். 1993இல் ஜான் மேஜர் அரசு சட்டம் போட்டு ரயில் சேவைகளைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டது. 1996 ஏப்ரலில் இந்தப் பாதையை எடுத்தது சீ கன்டெய்னர்ஸ் என்ற தனியார் கம்பெனி. ஜிஎன்இஆர் என்று பெயர் வைத்து, கருநீலப் பெட்டியில் சிவப்புக் கோடு போட்டு, நன்றாகவே நடத்தினார்கள். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 2005இல் மறுபடி ஏலம் வந்தபோது பத்து வருஷத்துக்கு அரசுக்கு 130 கோடி பவுண்ட் தருகிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வருஷமே தாய்க் கம்பெனியான சீ கன்டெய்னர்ஸ் திவால் நீதிமன்றத்துக்குப் போனது, குத்தகை பறிபோனது.

அப்புறம் வந்தது நேஷனல் எக்ஸ்பிரஸ் என்ற கம்பெனி. முன்னவர் ஏன் விழுந்தார் என்று கண்ணால் பார்த்த பிறகும் இவர்கள் 140 கோடி பவுண்ட் தருவதாக ஏலம் கேட்டு எடுத்தார்கள். 2007 டிசம்பரில் வந்தவர்கள் 2009 நவம்பரில் போய்விட்டார்கள். இரண்டு வருஷம்கூட முழுசாக இல்லை.

அதன் பிறகு யார் நடத்தினார்கள் என்பதை நண்பர் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. அரசாங்கம்தான் நடத்தியது. 2009 முதல் 2015 வரை அரசின் சொந்த நிறுவனம் இதே பாதையை ஓட்டி, கஜானாவுக்கு 100 கோடி பவுண்டுக்கு மேல் கட்டியது. அப்படி ஓடிக்கொண்டிருந்ததைத்தான் 2015 மார்ச்சில் மறுபடி தூக்கிக் கொடுத்தார்கள். இந்த முறை இரண்டு கம்பெனிகள் சேர்ந்து எடுத்தன, ஸ்டேஜ்கோச்சுக்கு 90 சதவீதம், வர்ஜினுக்கு 10 சதவீதம். 2023 வரை 330 கோடி பவுண்ட் தருவதாகப் பேச்சு. 2018 ஜூன் 24ஆம் தேதி அதுவும் முடிந்து, எல்என்இஆர் என்ற பெயரில் ரயில் திரும்ப அரசிடம் வந்தது.

ஒரே பாதையில் மூன்று முறை. வயலைக் குத்தகைக்கு எடுத்தவன் பாதி வெள்ளாமையில் விட்டுப் போனால் ஊரில் அவனுக்கு அடுத்த வருஷம் வயல் கிடைக்குமா? இங்கே கிடைத்தது.

கம்பெனியும்தானே நஷ்டப்பட்டது என்று கேட்பீர்கள். ஆமாம், ஸ்டேஜ்கோச்சுக்குச் சுமார் 20 கோடி பவுண்ட் போனது. 330 கோடிக்குக் கையெழுத்துப் போட்டு 20 கோடியோடு வெளியே போக முடிந்தால் அதற்குப் பெயர் ஆபத்தை ஏற்பது இல்லை. தண்டவாளத்தை மேம்படுத்துவதாகச் சொன்ன அரசு அமைப்பான நெட்வொர்க் ரயில் சொன்னபடி செய்யவில்லை என்றும் சொல்வார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. தனியார்மயத்துக்குப் பிறகு நாடு முழுக்கப் பயணிகள் இரண்டு மடங்குக்கு மேல் ஆனார்கள் என்பதும் உண்மைதான். அதற்காக மூன்று முறை விட்டுப் போனது இல்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்றும் கேளுங்கள். அந்த 1993 சட்டத்தின்படி பிரிட்டிஷ் அரசு நிறுவனம் எதுவும் இந்தக் குத்தகைக்குப் போட்டியிடவே முடியாமல் இருந்தது. ஆனால் வேறு நாட்டு அரசு போட்டியிட முடிந்தது! டர்ஹாமில் நிற்கும் க்ராஸ்கன்ட்ரி ரயில் பல வருஷம் ஜெர்மன் அரசு ரயில்வேயின் கையில் இருந்தது. சொந்த அரசால் முடியாது என்று எந்தப் பரீட்சையும் நடக்கவில்லை. பரீட்சை எழுதவே விடவில்லை.

எனக்கு உண்மையில் வலித்தது இதெல்லாம் இல்லை. "சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் வேலை செய்ய மாட்டான்" என்று எழுதியிருந்தாரே, அந்த வரி.

டர்ஹாமிலிருந்து நான் ஏறும் காலை வண்டியில் ஒரு கார்டு வருவார். தனியார்மயத்துக்கு முன்னால், பிரிட்டிஷ் ரயில் என்ற அரசு நிறுவனத்தின் காலத்தில் சேர்ந்தவர். டர்ஹாம் பாலத்தின் மேல் வண்டி போகும்போது புதிதாக ஏறியவர்களிடம் குனிந்து, கதீட்ரல் எந்த ஜன்னலில் தெரியும் என்று காட்டிவிட்டுத்தான் டிக்கெட் கேட்பார். நேஷனல் எக்ஸ்பிரஸ் வந்தபோது பல பெட்டிகளில் சிவப்புக் கோட்டின் மேல் வெள்ளைக் கோடு ஒட்டினார்கள், அவ்வளவுதான். உள்ளே அதே இருக்கை, அதே மனிதர். 2018 ஜூன் 25, திங்கட்கிழமை, சட்டையில் புது பேட்ஜோடு வந்தார். எத்தனையாவது என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி ஆறு என்றார். ஆறு முதலாளிகள், ஒரே வேலை. சனிக்கிழமை வர்ஜின் சம்பளம் வாங்கும்போது சுறுசுறுப்பாக இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை அரசு சம்பளத்துக்கு மாறியதும் சோம்பேறி ஆகிவிட்டாரா?

என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். சங்கு ஊதுவதற்கு முன்னால் உள்ளே இருப்பார். சாயங்காலம் வந்ததும் கிணற்றடியில் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவுவார், அப்புறம் சோப்பு, அப்படியும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. என் கல்யாணப் பத்திரிகையில் மஞ்சள் தடவிய விரலிலும் அந்தக் கறுப்பு இருந்தது. அவரும் சர்க்கார் சம்பளம் வாங்கியவர்தான். நண்பருக்கு அப்பாவைத் தெரியும். எங்கள் திருச்சி வீட்டில் அவர் கையால் காபி வாங்கிக் குடித்திருக்கிறார்.

உணர்ச்சிவசப்படுகிறேன் என்று கீழே எழுதப் போகிறவர்கள் எழுதுங்கள். ஆமாம், படுகிறேன்.

நண்பரே, பதிவை நீக்கச் சொல்லவில்லை. கொள்கையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம், நானும் வருகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். போனில் கேட்டிருக்கலாம்தான். நேற்று இரண்டு முறை கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை.