ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்தால்தான் நல்ல டிரைவரா?

"ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்பது ஓட்டத் தெரியாதவர்களுக்குத்தான், கைதேர்ந்தவர் அதை அணைத்துவிட்டு ஓட்டுவதே பாதுகாப்பு" என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறு. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்பது கார் வழுக்கும்போது தானாகவே பிரேக் பிடித்து அதை வழிக்குக் கொண்டுவர முயலும் கம்ப்யூட்டர் அமைப்பு. உங்கள் காலுக்குக் கீழே இருப்பது ஒரே ஒரு பிரேக் பெடல், மிதித்தால் நான்கு சக்கரமும் சேர்ந்துதான் பிடிக்கும். ஈரமான வளைவில் பின்பக்கம் வெளியே வழுக்கும்போது இந்த அமைப்பு, ஸ்டீயரிங் திரும்பிய கோணத்தையும் கார் உண்மையில் சுழலும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, வெளிப்பக்க முன்சக்கரத்தை மட்டும் கணநேரம் பிடித்து, தேவைப்பட்டால் எஞ்சின் விசையையும் குறைத்து, காரை வழிக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. எந்தச் சாம்பியனின் காலாலும் இது முடியாது, அதற்குப் பெடலே கிடையாதே!

ஃபார்முலா 1-இல் 2008 முதல் டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு (முடுக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் அமைப்பு) தடை இருக்கிறதே என்பார்கள். சரி, ஆனால் அது ஓட்டுபவரின் திறமை தெரிய வேண்டும் என்று வைத்த போட்டி விதி. அங்கே எதிரே லாரி வராது. மூடிய தடத்தில் பழகுகிறவர் தாராளமாக அணைத்துக்கொள்ளட்டும், அதில் தப்பில்லை. அப்புறம், இது இருந்தால் எந்த வேகத்திலும் வளையலாம் என்பதும் கட்டுக்கதைதான். டயருக்குப் பிடி இல்லையென்றால் கம்ப்யூட்டரும் உங்களோடு சேர்ந்தே வழுக்கும்.